படத்தில் சரியாக இருந்த குழாய்

ஓய்வு பெற்று எட்டு மாதமாகிறது. போன வாரம் பொங்கோல் ஆற்றோரம் காலை நடையை முடித்துக்கொண்டு காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தபோது ஷாமினி போன் செய்தாள். என்னோடு பதினேழு வருடம் எக்ஸ்ரே பிரிவில் வேலை பார்த்தவள். புதிதாக ஒரு மென்பொருள் வந்திருக்கிறதாம். உடம்புக்குள் வைத்திருக்கும் குழாய்களை அதுவே படத்தில் தேடிப் பிடித்து, நுனி எந்த எலும்பின் உயரத்தில் நிற்கிறது என்று சில வினாடிகளில் சொல்லிவிடுகிறதாம். இருக்க வேண்டிய இடத்தில் இருந்தால் படத்தின் ஓரத்தில் பச்சையாக ஒரு டிக்.

“நல்ல சாமான்தான்க்கா. ஆனா புதுசா சேர்ந்தவங்க பச்சையைப் பார்த்ததும் அடுத்த பேஷன்ட்டைக் கூப்பிடுறாங்க. நீங்க அந்த சரோஜா ஆன்ட்டி கேஸை எழுதிக் குடுங்க லா. நாங்க சொன்னா அவங்களுக்குப் பழைய கதை மாதிரி இருக்கு.”

ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதி அனுப்பினேன். நோயாளிக்கு என்ன பிரச்சினை, என்ன பரிசோதனை, என்ன முடிவு என்று வரிசையாக. படித்துப் பார்த்தால் அதில் சரோஜாவும் இல்லை, டாக்டர் ஆங்கும் இல்லை, நானும் இல்லை. அதனால் இதைத் தமிழில், என் திருப்திக்காக எழுதுகிறேன்.

என் பெயர் ஜெயந்தி. முப்பத்தாறு வருடம் ரேடியோகிராஃபராக இருந்தேன். படம் எடுப்பது எங்கள் வேலை. அதைப் படித்து அறிக்கை எழுதுவது கதிரியக்க மருத்துவரின் வேலை. படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மூன்று வருடம், எலும்புகளின் பெயர்கள், கதிர்வீச்சின் கணக்கு, இருட்டறையில் ஃபிலிம் கழுவிக் கழுவி விரல்களில் ஏறிய மருந்து வாடை. வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா மூக்கைச் சுளித்து, “இன்னிக்கும் வினிகரா?” என்று கேட்பார். அவ்வளவுதான் என் நினைவில் நிற்கிறது.

வேலையைக் கற்றுக்கொண்டது அதற்குப் பிறகு. சேர்ந்த மூன்றாவது வருடம் ஒரு லாரி ஓட்டுநர் வந்தார். மதியம் மீன் கறி சாப்பிட்டிருக்கிறார், தொண்டையில் முள். கழுத்தைப் பக்கவாட்டில் படம் எடுத்தேன். சுத்தமான படம், கழுத்தெலும்பு ஏழும் தெளிவாக இருந்தது. முள்ளைக் காணவில்லை. ‘முள் இல்லை’ என்று எழுதி, ஏதோ கீறல்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் கழுத்து வீங்கி, காய்ச்சலோடு திரும்பி வந்தார். அறுவை செய்து முள்ளை எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டார்.

படத்தில் குறை இல்லை என்று எல்லோரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். ஒருவர் மட்டும், “என்ன மீன்?” என்று கேட்டார். அவர்தான் டாக்டர் ஆங். எங்கள் பிரிவில் சேர்ந்து சில மாதமே ஆகியிருந்த இளம் மருத்துவர். யாருக்கும் தெரியவில்லை. வார்டுக்குப் போன் செய்து அவரே கேட்டுத் தெரிந்துகொண்டார். தெங்கிரி. தமிழ்நாட்டுக்காரர்கள் வஞ்சிரம் என்பார்கள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு தேக்கா சந்தைப் பையோடு வந்து நின்றார். உள்ளே ஈக்கான் மேரா என்னும் சிவப்பு மீன் ஒன்று, ஒரு தெங்கிரி, கொஞ்சம் கோழி. கோழித் துண்டுகளுக்குள் முள்ளைச் செருகி இருவரும் படம் எடுத்தோம். ஈக்கான் மேராவின் முள் வெள்ளைக் கோடாகப் பளிச்சென்று தெரிந்தது. தெங்கிரியின் முள் எங்கே இருக்கிறது என்று தெரிந்தும் என்னால் படத்தில் அதைத் தொட்டுக் காட்ட முடியவில்லை.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அப்படியானால் ‘முள் இல்லை’ என்று எழுதியது தப்பு. ‘படத்தில் தெரியவில்லை’ என்றுதான் எழுதியிருக்க வேண்டும்,” என்றார். அன்று முழுக்க அந்த அறையில் மீன் வாடை. மேற்பார்வையாளர் எங்கள் இருவரையும் நிற்க வைத்துத் திட்டினார்.

டாக்டர் ஆங்கும் நானும் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வோம். இங்கே தமிழில் எழுதுகிறேன். ஒல்லியான மனிதர். எப்போதும் கையில் ஒரு ஃபிளாஸ்க், அதில் வெறும் வெந்நீர். ‘படம் நல்லா இருக்கு டாக்டர்’ என்று சொல்லிவிட முடியாது. ‘எதற்கு நல்லா இருக்கு?’ என்பார். நுரையீரலுக்கு நல்ல படம் முதுகெலும்புக்கு நல்ல படம் இல்லை, அது அவருக்குச் சட்டம். குரலை உயர்த்த மாட்டார். கோபம் வந்தால் பேச்சு மெதுவாகும். ஒவ்வொரு சொல்லுக்கும் இடைவெளி விட்டுப் பேச ஆரம்பித்தால் நாங்கள் ஈய ஏப்ரனைச் சரிசெய்வதுபோல் நகர்ந்துவிடுவோம். வருடங்கள் போக அவர் பிரிவின் தலைவரானார், நான் தலைமை ரேடியோகிராஃபர் ஆனேன். ஃபிலிம் போய்த் திரை வந்தது. ஒரு நாளைக்குப் பார்க்க வேண்டிய படங்கள் பல மடங்காயின. அவரும் எங்களைப் போலவே வேகமாகக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டார்.

சரோஜா வந்தது அந்தக் காலத்தில்தான்.

ஃபேரர் பார்க் பக்கம் ஒரு கடைவீட்டின் மாடியில் ரவிக்கை தைக்கும் கடை வைத்திருந்தார். ஐம்பத்து நான்கு வயது. கணவர் மணியம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். சரோஜாவுக்கு முதுகில் இரண்டு முறை அறுவை நடந்தும் இடது காலில் எரிச்சலும் வலியும் போகவில்லை. தையல் மிஷின் முன்னால் கால் மணி நேரம் உட்கார முடியாது. மாத்திரை போட்டால் வலி குறையும், ஆனால் தலை கிறுகிறுக்கும், அளவெடுத்த எண் மறந்துபோகும். கடைசியில் எங்கள் வலி மருத்துவர் டாக்டர் ரவீந்திரன் அவருக்கு ஒரு பம்ப் வைத்தார். ரவீந்திரன் மதுரைக்காரர், இங்கே வந்து ஆறேழு வருடம் ஆகியிருந்தது.

இந்தப் பம்ப் உள்ளங்கை அளவுக்கு வட்டமான உலோக டப்பா. வயிற்றுத் தோலுக்கு அடியில் வைப்பார்கள். அதிலிருந்து நூல்போல் மெல்லிய குழாய் ஒன்று இடுப்பைச் சுற்றி முதுகுக்குப் போகும். முதுகெலும்புக்கு நடுவே தண்டுவடம் ஒரு சவ்வுப் பைக்குள், நீரில் மிதந்துகொண்டிருக்கும். குழாயின் நுனி அந்தப் பைக்குள் நுழைந்து நீரில் இருக்க வேண்டும். பம்ப் அதில் சொட்டுச் சொட்டாக மார்ஃபின் விடும். நேரே தண்டுவட நீருக்கே போவதால் மிகக் கொஞ்சம் போதும், மயக்கம் இல்லை. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வயிற்றில் ஊசி போட்டுப் பம்பை நிரப்புவார்கள்.

இரண்டு வருடம் சரோஜா நன்றாக இருந்தார். நிரப்ப வரும் நாளில் எங்கள் பிரிவையும் எட்டிப் பார்த்து, என் தோளைப் பிடித்துத் திருப்பி, “இந்த ரவிக்கையை யாருமா தைச்சா? கை தூக்க முடியுதா உனக்கு?” என்று கேட்டுவிட்டுப் போவார். தீபாவளிக்கு மூன்று மாதம் இருக்கும்போது ஒரு துணிக்கட்டைத் தூக்கக் குனிந்திருக்கிறார். அந்த வாரத்திலிருந்து வலி திரும்பிவிட்டது.

நான்தான் படம் எடுத்தேன். நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. குழாய் எங்கேயும் அறுந்திருக்கவில்லை, மடங்கவில்லை. பம்பிலிருந்து கழன்றிருக்கவில்லை. நுனி, வைத்த அன்று எந்த முதுகெலும்பின் உயரத்தில் இருந்ததோ அதே உயரத்தில் இருந்தது. ‘பம்பும் குழாயும் உரிய இடத்தில் உள்ளன’ என்று டாக்டர் ஆங் அறிக்கை எழுதினார். ரவீந்திரன் மருந்தின் அளவைக் கூட்டினார்.

வலி குறையவில்லை. ஒரு மாதம் கழித்து மறுபடி படம், அதே அறிக்கை, மருந்து இன்னும் கூடியது. மூன்றாம் முறை வந்தபோது படத்தோடு பம்பின் சக்கரத்தையும் பார்க்கச் சொன்னார்கள். பம்புக்குள் ஒரு சிறு சக்கரம் சுற்றித்தான் மருந்தைத் தள்ளும். முதலில் பம்பை மட்டும் நெருக்கமாக ஒரு படம் எடுத்து, சக்கரத்தின் கை எந்தப் பக்கம் இருக்கிறது என்று குறித்துக்கொள்வோம். ரவீந்திரன் வெளியிலிருந்து ஒரு கருவியால் பம்புக்கு, ‘இவ்வளவு தள்ளு’ என்று கட்டளை கொடுப்பார். கொஞ்ச நேரம் காத்திருந்து, நோயாளியை அசைக்காமல் அதே கோணத்தில் இன்னொரு படம். கை நகர்ந்திருந்தால் பம்ப் வேலை செய்கிறது. சரோஜாவின் சக்கரம் கணக்காக நகர்ந்திருந்தது.

பம்ப் சரி, குழாய் சரி, படமும் சரி. அப்படியென்றால் நோயாளியில்தான் கோளாறு என்று பேச்சு திரும்புவதற்கு அதிக நாள் ஆகவில்லை. இன்னும் இன்னும் மருந்து கேட்கிறார், பழகிவிட்டதோ என்று வலி மருத்துவப் பிரிவில் பேசிக்கொண்டது என் காதுக்கும் வந்தது. பம்பையே எடுத்துவிடலாமா என்று யோசித்தார்கள்.

அன்று படம் முடிந்து மேசையிலிருந்து இறக்கிவிடும்போது சரோஜா என் கையை விடவில்லை.

“ஜெயா, ஒண்ணு கேக்கட்டுமா? படம் நல்லா இருக்கு, பம்ப் நல்லா இருக்குன்றாங்க. அப்ப வலி எங்கேருந்து வருது? என் மண்டையிலேருந்தா?”

 அவர் சொல்வதை நம்பாமலிருக்கச் சான்றாக இருந்த மூன்று படங்களும் நான் எடுத்தவை. ஒவ்வொரு படமும் குறையில்லாமல் இருந்ததே அவருக்கு எதிராகப் போயிற்று.

“மருந்து கூட்டினதும் என்ன ஆச்சு ஆன்ட்டி?” என்று ஏதோ கேட்க வேண்டுமே என்று கேட்டேன்.

“ஒண்ணும் ஆகலையே. முத முதல்ல வைச்சப்ப ரெண்டு நாளு ஒரே தூக்கம். மூக்கு நுனி அரிச்சுக்கிட்டே இருக்கும். இவரு கிண்டல் பண்ணுவாரு. இப்ப இவ்வளவு கூட்டியும் தூக்கம் இல்ல, அரிப்பு இல்ல. தண்ணிய ஊத்துறாங்களோன்னுகூட நெனச்சேன்.”

மணியம் பக்கத்தில் நின்று, “உண்மைதான் மா, நானும் கவனிச்சேன்,” என்றார்.

சக்கர நாற்காலியில் சரோஜாவை மணியம் தள்ளிக்கொண்டு போன பிறகும் நான் அங்கேயே நின்றேன். மார்ஃபின் உடம்புக்குள் போனால் நல்லதும் செய்யும், தொல்லையும் செய்யும். இவருக்கு இரண்டும் இல்லை. மருந்து பம்பிலிருந்து கிளம்புகிறது, சக்கரம் சாட்சி. போய்ச் சேரவில்லை.

மதிய உணவு நேரத்தில் பழைய படங்களைத் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பம்ப் வைத்த அன்று எடுத்தது ஒன்று, பிறகு எடுத்தவை மூன்று. நேர்ப்படத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. பக்கவாட்டுப் படத்தில் மட்டும் குழாய் முன்னைவிட ஒரு நூலளவு முதுகுப் பக்கம் தள்ளியிருந்ததுபோல் தோன்றியது. அவர் கொஞ்சம் சாய்ந்து படுத்திருந்தாலும் அப்படித் தெரியும். அதை வைத்து ஒன்றையும் நிரூபிக்க முடியாது. ஆனால் என்னை உறுத்தியது வேறு. எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், உலோகம் தெரியும், குழாய் மங்கலாகத் தெரியும். அந்தச் சவ்வுப் பை தெரியாது. முதுகெலும்பின் நடுவில் குழாய் இருக்கிறது என்று படம் சொல்லும். பைக்கு உள்ளே இருக்கிறதா, ஒட்டினாற்போல் வெளியே இருக்கிறதா என்று அதற்குச் சொல்லத் தெரியாது. மூன்று முறையும் கேட்ட கேள்விக்கு எங்களிடம் பதிலே இல்லை. இருந்தும் பதில் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

டாக்டர் ஆங்கின் அறைக்குப் போனேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

“அவர்கள் என்ன கேட்டார்கள்?”

“குழாய் எங்கே இருக்கிறது என்று.”

“நான் என்ன எழுதினேன்?”

“உரிய இடத்தில் இருக்கிறது என்று. அது நமக்குத் தெரியாது டாக்டர்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். பேச்சு மெதுவானது. “எக்ஸ்ரேயில் தெரியும் சாயத்தைக் குழாய்வழியே விட்டுப் பார்க்க வேண்டும் என்கிறாய். அந்தக் குழாய்க்குள் முழுக்க மார்ஃபின் தேங்கி நிற்கிறது. அதை உறிஞ்சி எடுக்காமல் சாயத்தைத் தள்ளினால் மொத்தமும் ஒரே நேரத்தில் தண்டுவட நீருக்குப் போகும். மூச்சு நின்றுவிடும். கிருமி போகலாம். ஒன்றும் இல்லாமல் போனால், உன் சந்தேகத்துக்காக ஒரு பெண்ணைக் குத்தியிருப்போம். இதைக் கேட்பது அவருடைய மருத்துவரா, நீயா?”

“நான்தான்.”

“நீ கேட்க முடியாது.”

அது உண்மை. பரிசோதனையை நோயாளியின் மருத்துவர்தான் கேட்க வேண்டும். கோழித் துண்டில் முள்ளைச் செருகிய மனிதர் இப்படிப் பேசுகிறாரே என்று எனக்கு வருத்தமாக இருந்தது. வெளியே வந்து ரவீந்திரனுக்குப் போன் செய்தேன். தலைவர் வேண்டாம் என்ற பிறகு அவரைத் தாண்டி இன்னொரு மருத்துவரிடம் பேசுவது எங்கள் இடத்தில் நடக்காத காரியம். 

“மேடம், ரிப்போர்ட் நார்மல்னுதானே மூணு தடவையும் வந்திருக்கு?” என்றார் ரவீந்திரன்.

“ரிப்போர்ட் எலும்பைப் பத்திப் பேசுது சார். சவ்வு எக்ஸ்ரேயில விழாது. நுனி பைக்கு வெளியே வந்திருந்தாலும் படம் இதே மாதிரிதான் இருக்கும்.”

அந்தப் பக்கம் தாள்களைப் புரட்டும் சத்தம் கேட்டது.

“இன்னொண்ணு. இவ்வளவு மருந்து கூட்டியிருக்கீங்க, அவங்களுக்கு அரிப்பு வந்துச்சா, தூக்கம் வந்துச்சான்னு கேட்டீங்களா?”

“வலியைப் பத்தித்தான் கேட்டேன்,” என்றார். “இப்பவே கேக்குறேன்.”

மறுநாள் காலை பரிசோதனைச் சீட்டு வந்துவிட்டது. டாக்டர் ஆங் அதைப் படித்தார், என்னைப் பார்த்தார், வெந்நீர் குடித்தார். “வியாழக்கிழமை. நானும் இருப்பேன்,” என்றார். மூன்று நாள் என்னோடு வேறு பேச்சு இல்லை.

வியாழக்கிழமை காலை சரோஜாவை மேசையில் மல்லாக்கப் படுக்க வைத்தோம். மேலே எக்ஸ்ரே ஓடிக்கொண்டே இருக்கும், திரையில் அசையும் படமாகப் பார்க்கலாம். பம்பில் ஊசி போட இரண்டு வாசல் உண்டு. நடுவில் இருப்பது மருந்து நிரப்ப. ஓரத்தில் இருப்பது நேரே குழாய்க்குப் போகும். இரண்டையும் மாற்றிக்கொண்டால் ஆபத்து. ரவீந்திரன் வாசல்களின் இடம் காட்டும் அச்சை வயிற்றில் வைத்துக் குறித்து ஊசியை இறக்கினார். நான் கருவியைச் சாய்த்து, ஊசி ஓர வாசலுக்குள்தான் நிற்கிறது என்று திரையில் காட்டினேன். டாக்டர் ஆங் ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

ரவீந்திரன் சிரிஞ்சை மெல்ல இழுத்தார். ஒன்றும் வரவில்லை. நீர் வராவிட்டால் அத்தோடு நிறுத்திவிட வேண்டும் என்பது விதி. காத்திருந்தார். மறுபடி இழுத்தார். தெளிவாக ஒரு சொட்டு வந்தது, பிறகு இன்னொன்று.

“வருது, ஆனா தயங்கித் தயங்கி வருது,” என்றார்.

குழாயில் தேங்கிய மருந்து முழுவதும் வெளியே வர எவ்வளவு வேண்டுமோ, அதற்கும் மேலேயே எடுத்து முடித்தார். சரோஜா கூரையைப் பார்த்துக்கொண்டு, “பொறுமையா செய்ங்க டாக்டர், எனக்கு வேலை ஒண்ணும் இல்ல,” என்றார்.

சாயம் போயிற்று. திரையில் குழாய் முழுக்கக் கறுப்புக் கோடாகத் தெளிந்தது. நுனியிலிருந்து சாயம் கசிந்து முதுகெலும்பின் நடுவே மேலும் கீழுமாக நீண்டது. பார்க்க அழகாக இருந்தது. ரவீந்திரன் மூச்சு விட்டார். “உள்ளேதான் இருக்கு போல,” என்றார். அவர் குரலில் ஏமாற்றமா நிம்மதியா என்று எனக்குத் தெரியவில்லை. 

 நான் டாக்டர் ஆங்கைத் திரும்பிப் பார்க்காமல் கருவியைப் பக்கவாட்டுக்குச் சுற்றினேன்.

பக்கவாட்டில் அந்த அழகான கோடு வேறு மாதிரி இருந்தது. சாயம் பரவவில்லை. முதுகுப் பக்கம் ஒட்டிக்கொண்டு, ஒரு நாடாவைப்போல் மெல்லியதாக நின்றது. எனக்கு அதுவும் போதாது என்று பட்டது. தண்டுவட நீரைவிடச் சாயம் கனமானது. நீரில் இருந்தால் சாய்த்த பக்கம் வழிய வேண்டும்.

“ஆன்ட்டி, மேசையைக் கால் பக்கம் சாய்க்கப் போறேன். வார் கட்டியிருக்கு, பயப்படாதீங்க.”

மேசை மெல்லச் சாய்ந்தது. திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். சாயம் அசையவில்லை. இன்னும் சாய்த்தேன். ஒரு சொட்டுகூடக் கீழே இறங்கவில்லை.

ஒலிவாங்கியில் டாக்டர் ஆங்கின் குரல் வந்தது. “நிறுத்து. அப்படியே சிடி ஸ்கேனுக்குக் கொண்டுபோ. இப்போதே.”

அரை மணி நேரத்தில் சிடி படம் வந்தது. முதுகைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பதுபோல் காட்டும் படம் அது. நடுவில் தண்டுவடமும் அதைச் சுற்றிய நீரும் சாயத்தின் சுவடே இல்லாமல் இருந்தன. அதற்கு வெளியே, பின்பக்கம் மட்டும், பிறை வடிவில் வெள்ளையாகச் சாயம். குழாயின் நுனி பைக்குள் இல்லை. பையின் சுவராக இருக்கும் இரண்டு சவ்வுகளுக்கு இடையே நழுவி ஒளிந்திருந்தது. அதே உயரத்தில், ஒரு மில்லிமீட்டர் பிசகி. மாதக்கணக்காக மார்ஃபின் அந்த இடுக்கில் போய் வீணாகிக்கொண்டிருந்தது.

டாக்டர் ஆங் நின்றுகொண்டே அதைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். பழைய அறிக்கைகள் மூன்றையும் திறந்து, ஒவ்வொன்றின் அடியிலும் ஒரே வாக்கியத்தைத் தன் கையாலேயே தட்டச்சு செய்தார். ‘குழாய் முதுகெலும்புக் கால்வாயின் நேர்க்கோட்டில் தெரிகிறது; அது சவ்வுப் பைக்குள் இருக்கிறதா என்று இந்தப் படத்தால் சொல்ல முடியாது.’ மூன்றிலும் தன் பெயரைப் போட்டார். ஒரு தலைமை மருத்துவர் தன் அறிக்கையை இப்படித் திருத்தி நான் அதுவரை பார்த்ததில்லை.

எழுந்து என்னிடம், “வா,” என்றார். சரோஜா படுத்திருந்த அறைக்குப் போனோம். அந்தத் தலைமுறை சீனர்களும் தமிழர்களும் பேசிக்கொள்ளும் சந்தை மலாயில் அவரே பேசினார். “சாக்கிட் இத்து பெத்துல், ஆன்ட்டி.” அந்த வலி உண்மைதான் என்று அர்த்தம். எங்கள் படம்தான் முழுதாகச் சொல்லவில்லை, மன்னியுங்கள் என்றார்.

சரோஜா மணியம் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. மணியம் அவர் தலையைத் தடவிக்கொண்டே, “நான் சொன்னேன்ல, சொன்னேன்ல,” என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அடுத்த வாரம் குழாயை மாற்றினார்கள். ரவீந்திரன் இன்னொன்றும் கவனமாகச் செய்தார். கூட்டி வைத்திருந்த அளவு அப்படியே நீருக்குள் போனால் ஆளே போய்விடுவார். அதனால் பம்பைக் காலி செய்து, முதல் நாள் ஆரம்பித்த சின்ன அளவுக்கே இறக்கி, வார்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். மறுநாள் நான் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது வார்டிலிருந்து எனக்குப் போன்.

“ஜெயா,” என்றார் சரோஜா. தூக்கக் கலக்கத்தில் குரல் குழறியது. “மூக்கு அரிக்குதுமா. ரொம்ப அரிக்குது.”

முப்பத்தாறு வருடத்தில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதற்குமேல் ஒன்று இல்லை. எக்ஸ்ரே அறைக்குள் நின்று சத்தமாகச் சிரித்தேன். மேசையில் படுத்திருந்த பெரியவர் பயந்துபோனார்.

டாக்டர் ஆங் அத்தோடு விடவில்லை. பம்ப் வைத்தவர்களின் பரிசோதனைச் சீட்டை மாற்ற வேண்டும் என்று கூட்டம் போட்டார். என்னையே பேசச் சொன்னார். சில மருத்துவர்கள் முகம் சுளித்தார்கள். எக்ஸ்ரே போதாது என்றால் ஏன் எடுக்கிறீர்கள் என்று ஒருவர் கேட்டார். அறுந்திருந்தால் காட்டும், மடங்கியிருந்தால் காட்டும், நுனி வெகுதூரம் இறங்கியிருந்தால் காட்டும், முதலில் அதைத்தான் எடுக்க வேண்டும் என்று சொன்னேன். “குறை தெரிந்தால் படத்தை நம்புங்கள். குறை தெரியாவிட்டால் நோயாளியை நம்புங்கள்.” டாக்டர் ஆங் அதைக் குறித்துக்கொண்டார். அன்றிலிருந்து சீட்டில் மூன்று கேள்விகள் கூடின. வலி திரும்பியதா, மருந்து கூட்டியும் பலன் இல்லையா, பக்க விளைவுகளும் மறைந்துவிட்டனவா. மூன்றுக்கும் ஆம் என்றால், எக்ஸ்ரே சரியாக இருந்தாலும் சாயப் பரிசோதனைக்கு யோசிக்க வேண்டும். பம்ப் அறிக்கை ஒவ்வொன்றின் அடியிலும் அவர் அன்று தட்டச்சு செய்த வாக்கியம் தானாகவே அச்சாகும்.

அதற்கடுத்த வருடம் மார்சிலிங் வட்டாரத்திலிருந்து ஒருவர் வந்தார். புற்றுநோய் வலிக்காகப் பம்ப் வைத்தவர். அவருக்கும் எக்ஸ்ரே அருமையாக இருந்தது, மூன்று கேள்விக்கும் ஆம். அந்த வாரம் எனக்கு விடுப்பு. நான் திரும்பி வருவதற்குள் சாயம் விட்டுப் பார்த்து, கசிவைக் கண்டுபிடித்துக் குழாயை மாற்றியிருந்தார்கள். சரோஜாவுக்கு மாதங்கள் ஆனது அவருக்கு நான்கு நாளில் முடிந்தது. அந்தக் கேள்விகள் எங்கிருந்து வந்தன என்று அந்த வார்டில் யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை என்று அன்று நினைத்தேன், இன்றும் அப்படித்தான்.

சரோஜாவின் தீபாவளியைச் சொல்ல விட்டுவிட்டேன். குழாய் மாற்றிய வருடம், தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு சனிக்கிழமை, பட்டுத் துணியை எடுத்துக்கொண்டு ஃபேரர் பார்க் போனேன். மாடிப்படி ஏறும்போதே மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. உள்ளே பெண்கள் துணிப்பையோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சரோஜா மிஷின் முன்னால், கழுத்தில் அளவு நாடா, பல்லுக்கிடையில் குண்டூசி, கால் மிதியில். நான் எதிரே போய் நின்றேன். நிமிர்ந்து பார்த்து, சிரித்து, குண்டூசியை எடுத்தார். மிஷினை நிறுத்தவில்லை.

“ஜெயா, துணியெல்லாம் கொண்டுவந்திருக்கியா? தீபாவளிக்கு முடியாதுமா. இன்னும் நாப்பது ரவிக்கை கிடக்கு. மூணு மணி நேரமா எந்திரிக்கவே இல்ல தெரியுமா. தப்பா நினைக்காதே, தீபாவளி முடிஞ்சதும் வா.”

தப்பாக நினைக்கவில்லை. தைக்காத துணியைத் தூக்கிக்கொண்டு, அந்த நெரிசலில், சிராங்கூன் ரோடு முழுக்கச் சிரித்துக்கொண்டே நடந்தேன்.